சத்தமில்லாமல் திருத்திய பக்கம்

செல்வப்பிரியாவுக்குப் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கோபாலபுரம் செக்போஸ்ட்டை ஒட்டிய ஒரு தோப்பு வீடு. கணவர் மோகனசுந்தரம் தென்னை பார்த்துக்கொண்டார். அவள் வீட்டில் இருந்தபடியே கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கையேடு எழுதினாள். கோபால் (COBOL) என்கிற பழைய கணினி மொழிக்கான தமிழ்க் கையேடு அது. அந்த மொழியில் எழுதிய நிரல்கள் இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்களில் பலருக்கு ஆங்கிலக் கையேட்டைப் பிடித்து வாசிக்கப் பொறுமை இல்லை. அவர்களுக்காக ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கமும் உதாரணமும் எழுதி, உதாரணத்தைத் தானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் பக்கத்தை இணையத்தில் ஏற்றுவாள். அதில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அவள் ஓட்டிப் பார்க்கவில்லை.

கோபாலில் ஒரு கோப்பைத் திறக்கும்போதே எதற்காகத் திறக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். 'எக்ஸ்டெண்ட்' என்றால் இருப்பது அப்படியே இருக்கும், புதியது கடைசியில் சேரும். 'அவுட்புட்' என்றால் இருப்பதெல்லாம் அழிந்து, கோப்பு வெறுமையாகத் திறக்கும். பழைய கோப்பில் புதிய பதிவுகளைச் சேர்ப்பது எப்படி என்ற பக்கத்துக்கு, முந்தைய பக்கத்து உதாரணத்தை எடுத்து ஒட்டினாள். அதில் இருந்த அவுட்புட்டை மாற்ற மறந்துபோனாள். அன்றைக்கு வீட்டில் விருந்தாளிகள்.

சில மாதங்கள் கழித்து, கேரளத்தில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து மெயில் வந்தது. எழுதியவர் ஈஸ்வரன், ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். 'உங்கள் கையேட்டில் உள்ளபடிதான் எழுதினேன். தொழிலாளர்களின் மஸ்டர் கோப்பு முழுவதும் அழிந்துவிட்டது. நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கும் திறக்கவில்லை. என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கையேடு சரிதானா என்று மட்டும் சொல்லவும்.'

மஸ்டர் என்பது வருகைப் பதிவு. யார் எத்தனை வருடம் கொழுந்து கிள்ளினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. செல்வப்பிரியா பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எக்ஸ்டெண்ட் இருக்க வேண்டிய இடத்தில் அவுட்புட் இருந்தது. உடனே மேலதிகாரி நவீன்குமாருக்கு ஃபோன் போட்டாள்.

அவர் பதறவில்லை. "பக்கத்தைத் திருத்திப் போட்டுருங்க. அப்புறம் அவருக்கு, கையேடு சரியாத்தான் இருக்கு, மறுபடி பாருங்கன்னு ரெண்டு வரி எழுதிருங்க."

"அது பொய்யில்லீங்களா சார்?"

"இதுல என்ன பொய்யிருக்குது? நீங்க எழுதற நேரத்துல சரியாத்தானே இருக்கும்?"

அவள் திருத்தினாள். இரண்டு வரி பதிலும் அனுப்பினாள். சாயங்காலமே மறுமொழி வந்தது. 'மன்னிக்கவும் மேடம். நான்தான் தவறாகப் படித்திருக்கிறேன். உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டேன்.'

அவர் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். அந்த மன்னிப்பு அவளைச் சாப்பிட விடவில்லை. மோகனசுந்தரம் எதிரில் உட்கார்ந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் போல அப்படி இருந்துவிட்டு, கடைசியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஃபோன்ல சொன்னாப் பத்தாதா புள்ள?"

"பத்தாதுங்க. அவரை வேண்டாம்னு சொன்ன ஆபீஸ்லயே போயி நான் சொல்லோணும்."

பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் போனாள். ஈஸ்வரன், எஸ்டேட் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு வெளியே வந்து வரவேற்றார். ஐம்பது வயதிருக்கும். கையேடு எழுதியவர் என்றதும் பதறிப்போனார்.

"ஐயோ, நீங்க எதுக்கும்மா இம்புட்டு தூரம்? நான்தான் சரியாப் பாக்கலன்னு எழுதிட்டேன்ல? கம்பத்துக்குப் போயி கண்ணாடிகூட மாத்திட்டேன். பழைய பவரே போதும்னுதான் டாக்டர் சொன்னாரு. நான்தான் கேக்கல."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க சரியாத்தானுங்க படிச்சிருக்கீங்க. தப்பா எழுதுனது நான். உங்க மெயில் வந்த பொறகு திருத்திட்டு, சரியாத்தான் இருக்குன்னு பதில் போட்டேனுங்க."

ஈஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"லயத்துல ஒவ்வொரு வீடா ஏறி, என் தப்புதான்னு சொல்லி, யாருக்கு என்ன ஞாபகம் இருக்கோ அதக் கேட்டு எழுதிட்டு வாரேன். சில பேரு கதவே தொறக்கல. உங்க பதில என் வீட்டுக்காரிகிட்ட நானே வாசிச்சுக் காட்டினேன்மா." குரல் உயரவில்லை. "தப்பு யாருக்கும் வரும். அந்த ரெண்டு வரிய எப்படி எழுதினீங்க?"

செல்வப்பிரியா அவர் மனைவி நீட்டிய பால் சேர்க்காத கட்டன் சாயாவை வாங்கிக்கொண்டாள், குடிக்க முடியவில்லை.

எஸ்டேட் ஆபீஸில் மானேஜர் முன்னால், நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் மலையாளத்தில் கேட்டார். பயந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள். "மறைச்சுடலாம்னு பார்த்தேனுங்க," என்றாள். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஈஸ்வரனை அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொன்னார்கள். அழிந்த மஸ்டரில் பாதிதான் மீண்டது. மீதிக்காக ஈஸ்வரன் பழைய பேரேடுகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் அந்தப் பக்கத்தின் தலையில், முன்பு இங்கே தவறு இருந்தது, அதன்படி செய்தவர்களின் கோப்பு அழிந்திருக்கும், தவறு எழுதியவருடையது என்று சேர்த்தாள். கம்பெனி பேர் கெட்டுவிடும், அதை எடுத்துவிடுங்கள் என்று நவீன்குமார் சத்தம் போட்டார். "எடுக்க மாட்டேனுங்க சார். வேணும்னா என்னை எடுத்துருங்க," என்றாள். அவர் அந்தக் குறிப்பையும் எடுக்கவில்லை, அவளையும் எடுக்கவில்லை. ஆனால் புதிய கையேடு எதையும் அவளிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

இப்போதும் ஈஸ்வரனிடமிருந்து மெயில் வரும். 'இந்தப் பக்கத்தில் உள்ளபடி செய்யலாமா மேடம்?' என்று மட்டும் இருக்கும். கேட்காமல் அவர் நிரலில் ஒரு வரியும் எழுதுவதில்லை. ஒவ்வொரு முறையும் செல்வப்பிரியாவின் காது சூடாகும். உதாரணத்தைத் தன் கணினியில் ஓட்டி, வந்த விடையைக் கண்ணால் பார்த்த பிறகே, செய்யலாம் என்று எழுதி அனுப்புவாள்.