அம்மா சிரித்துக் காட்டிய சிரிப்பு

கல்யாண வரவேற்புகளில் விருந்தினர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து கொடுப்பதுதான் இப்போது என் பிழைப்பில் பாதி. மூக்கு பெரிதென்றால் இன்னும் பெரிதாக்குவேன். மூக்குக்குச் சொந்தக்காரரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

போன மாதம் பல்லடத்தில் ஒரு மண்டபம். வரிசையில் வந்த ஒரு அம்மா நாற்காலியில் உட்காராமல் செல்போனை நீட்டினார். படத்தில் ஒரு இளைஞன், விறைப்பாக.

"எம் பையனுங்க. பைக்குல போனவன் திரும்பி வரலீங்க. எந்தப் போட்டோவுலயும் சிரிக்கலீங்க. சிரிக்கற மாதிரி போட்டுக் குடுங்க கண்ணு."

"எப்படிங்கம்மா சிரிப்பாரு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் யோசித்தார். பிறகு அத்தனை பேர் நடுவே தலையைச் சாய்த்து, மகனைப் போலச் சிரித்துக் காட்டினார். "இப்படித்தானுங்க." அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது நான் சிரிக்கறதுங்க. அவன் சிரிப்பு இல்லீங்க."

இன்னொரு தாளை எடுத்தேன். கண் வந்தது, மூக்கு வந்தது. அதற்கு மேல் பென்சில் நகரவில்லை.

"ஏனுங்க, பந்திக்குப் போகோணுமுங்க" என்றார் பின்னால் நின்றவர்.

"பரவால்லீங்க கண்ணு, உடுங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, முதல் தாளைச் சுருட்டிக்கொண்டு அந்த அம்மா போய்விட்டார்.

இந்த வாரம் குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்கு யானையும் அணிலும் வரைகிறேன். எல்லாம் சிரிக்கின்றன, ஒரு வளைகோடு போதும். அந்த இரண்டாவது தாளும் மேசையில்தான் இருக்கிறது. அதில் வாய் இருக்க வேண்டிய இடம் இன்னும் காலி.