கோட்டுக்குப் பேர் வைத்தவள்

போன மாதம் மகள் என்னை எல்ல என்ற மலையூரில் ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனாள். சுவரில் கறுப்பு மையில் வரைந்த ஒரு படம். மலையும் இல்லை, மனிதரும் இல்லை, வெறும் கோடுகள். யாரோ மையைக் கொட்டிவிட்டார்களா என்று கேட்டாள் மகள். எனக்கு வளர்மதி டீச்சரின் ஞாபகம் வந்துவிட்டது.

பல வருடங்களுக்கு முன், கொஸ்லந்தவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, ஒரே அறையில் தங்கியிருந்தோம். நான் கணக்கு, அவள் சித்திரம். மழைக்காலத்தில் அந்த அறை முழுக்க ஈர உடுப்பு வாசனையும் மை வாசனையும்தான். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் தூரிகையால் ஒரே இழுப்பில் வரைவாள். முடியும்வரை மூச்சு விடுகிறாளா என்றே எனக்குச் சந்தேகம் வரும். நானோ கணக்கு டீச்சர், எதற்கும் விடை வேண்டும். இது ஆறா, பாம்பா என்று நச்சரித்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் என் விரலைப் பிடித்து, காய்ந்த கோட்டின் மேல் மெதுவாக நகர்த்தினாள்.

“இங்க கை ஓடியிருக்கு. இங்க தயங்கியிருக்கு. இங்க மை தீந்தும் விடாம இழுத்திருக்கேன். அதப் பாருங்க, போதும்.”

தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை.

பாடசாலைக் கண்காட்சிக்கு அவள் சில படங்கள் கொடுத்தாள். அன்று காலை அவள் பதுளைக்குப் போயிருந்தாள். நானும் உதவுகிறேன் பேர்வழி என்று, என் முத்துமுத்தான கையெழுத்தில் ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு சீட்டு ஒட்டினேன். அருவி, பனிமூட்டம், கொழுந்தெடுக்கும் பெண். வந்த பெற்றோர் சீட்டை வாசித்தார்கள், அடுத்ததற்கு நகர்ந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. மத்தியானம் திரும்பிய வளர்மதி வாசலிலேயே நின்று பார்த்தாள். கோபப்படவில்லை.

“பேரு வச்சிட்டீங்க டீச்சர். இனி யாரும் கோட்டப் பாக்க மாட்டாங்க.”

மாலையில் சீட்டுகளை உரித்தேன். பசை விடவில்லை, ஒரு படத்தின் அடி பிய்ந்து வந்துவிட்டது. மை வற்றி, தூரிகையின் மயிர்கள் தனித்தனியாகப் பிரிந்து ஓடிய கோடு ஒன்று அந்தக் கிழிசலில் வந்து நின்றது. அது எங்கோ போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

அடுத்த தவணையில் அவள் கல்யாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போய்விட்டாள்.

எல்லவிலிருந்து திரும்பும்போது மகளிடம் சொல்லி அந்தப் பாடசாலைப் பக்கம் போனேன். எங்கள் அறை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. பழைய டயரியில் கிடந்த அவளுடைய போன் எண்ணுக்கு எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் சிங்களத்தில், அப்படி ஒரு டீச்சர் இங்கே இல்லை என்றார்.