பொம்பிளை அறையில் ஓடிய மெசின்

நேற்று கிருலப்பனையில் மகன் வீட்டு மேசையில் ஒரு மல்லிகைச் சரம் கிடந்தது. பக்கத்தில் பேத்தியின் லப்டொப் காலையிலிருந்து ஓடிக் கொதித்துக்கொண்டிருந்தது. மல்லிகையும் சூடேறிய தூசியும் கலந்து ஒரு மணம் வந்தது பாருங்கள், வெள்ளவத்தையில் இருந்த என் கல்யாண மண்டபம் அப்படியே மூக்கில் ஏறிவிட்டது. இந்த மணம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். அதில் ஒருவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகு காட்டியவன் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், கதிரை வாடகைக்கு விட்டேன், கடைசியில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சொந்த மண்டபமே கட்டினேன். ஜெனரேட்டர் வைத்த மண்டபம்! மின்வெட்டுக் காலத்தில் கொழும்பே இருண்டு கிடந்தபோதும் என் மணவறை மின்னியது.

அப்போதுதான் ஒழுங்கைக்குள் இருந்த தர்சினி வந்தாள். பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வு செய்கிற பிள்ளை. கூட வந்தவன் கசுன், அதே ஆய்வுக்கூடத்துச் சிங்களப் பெடியன், நுகேகொடைக்காரன். நாங்கள் கதைக்கிற தமிழைக் கேட்டு எழுதுகிற மெசின் ஒன்றைப் பழக்குகிறார்களாம். ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிறதாம். குறித்த நாளுக்குள் கட்டுரை அனுப்பாவிட்டால் அந்த வேலையையே மூடிவிடுவார்களாம்.

“வெளிநாட்டு மெசினுக்கு எங்கட கதை பிடிபடுதில்லை அங்கிள்,” என்றாள்.

“கொட்டாஞ்சேனைக் கதை பிடிபடாததெல்லாம் ஒரு மெசினே? கொண்டு வாங்கோ இஞ்ச.”

ஏசி ஒழுங்காக வேலை செய்தது பொம்பிளை அறையில் மட்டும்தான். மணப்பெண்ணை உடுத்துகிற அந்த அறையின் சுவரெல்லாம் பவுடரும் மல்லிகையும் ஊறியிருந்தன. சுற்றிவர பல்ப் பூட்டிய பெரிய கண்ணாடிக்கு முன்னால் மெசினை வைத்தார்கள். அது புதுப்பெண்ணைப் போல அடக்கமாக இருக்கவில்லை, மாமியாரைப் போல இரைந்தது.

இரண்டு பேரும் திரையில் நெளிந்து ஓடும் ஒரு கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது கீழே இறங்கினால் கை தட்டுவார்கள். வியாபாரி நான், கேட்டே விட்டேன்.

“என்ன மல்லி, விழுறதுக்கோ கை தட்டுறீங்கள்?” மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

“மெசின் விடுற பிழை அங்கிள் அது,” என்றான் கசுன். “விழ விழ நல்லம்.”

வாழ்க்கை முழுக்கக் கோடு ஏறவேண்டும் என்று நேர்ந்துகொண்டவன், அன்றிலிருந்து இறங்கவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

பாதி வழியில் ஒரு கல்யாணம் வந்தது. பெண்ணின் தகப்பன் பெரிய ஹாட்வெயார்க்காரர். வேறெங்கும் வெளிச்சம் இல்லை, என் மண்டபம்தான் வேண்டும் என்று நின்றார். பொம்பிளை அறையை ஒழித்துத் தரச் சொன்னார். நான் தர்சினியைப் பார்த்தேன்.

“நிப்பாட்டினா பிறகு விட்ட இடத்தில தொடங்கலாம் அங்கிள். ஆனா பேப்பர் அனுப்புற நாள் போயிடும்,” என்றாள்.

“பொம்பிளைக்கு என்ர ஒஃபிஸ் அறையைத் தாறன்,” என்றேன் அவரிடம்.

“அப்ப கலியாணம் ஆருக்கு? என்ர மகளுக்கோ, உந்தக் கொம்பியூட்டருக்கோ?”

“இந்த முகூர்த்தம் கொம்பியூட்டருக்குத்தான். அறையை ஆருக்கும் குடுக்க மாட்டன்!”

“உங்களுக்கு விசர்.”

“ஓம். சொந்த மண்டபத்தில விசர்.”

கார்க் கதவு அடித்த சத்தம் காலி வீதி வரை கேட்டிருக்கும். பின்னேரம் மகன் வந்து குதித்தான். “உங்களுக்கு உந்தப் படிப்பு விளங்குமே அப்பா?”

“விளங்கினதுக்கு மட்டும்தான் துணை நிக்கோணும் எண்டால், உன்னையே நான் வளர்த்திருக்க மாட்டன்.”

மெசின் ஓடியது. குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது. சோதித்துப் பார்க்க என்னைத்தான் முதலில் கதைக்கச் சொன்னார்கள். வேறென்ன சொல்வேன்? “அறையை ஆருக்கும் குடுக்க மாட்டன்!” என்று கத்தினேன். திரையில் எழுத்துப் பிசகாமல் வந்தது. கசுன் என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் தர்சினியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடி எத்தனையோ மணப்பெண்களின் அழுகையைக் கண்டது. இதைப்போல் ஒன்றைக் கண்டிருக்காது.

ஹாட்வெயார்க்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆட்கள் வேறு மண்டபங்களுக்குப் போனார்கள். பிறகு எல்லோரும் ஹோட்டல்களுக்கே போய்விட்டார்கள். இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பொம்பிளை அறை இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய கார் நிற்கிறது. தர்சினி அவுஸ்திரேலியாவில், கசுன் ஜெர்மனியில்.

விற்பதற்கு முன் மகன் மண்டபத்தின் வருமானத்தைத் திரையில் கோடாகப் போட்டுக் காட்டினான். “பாருங்கோ அப்பா, அந்தக் கலியாணத்தை விட்ட நாளில இருந்து விழுந்துகொண்டே போகுது.”

பார்த்தேன். நல்ல அழகான கோடு. எழும்பி நின்று கை தட்டினேன். கூடத் தட்டுவதற்கு அந்த இரண்டு பேரும் இல்லை, அது ஒன்றுதான் குறை.