மலைக்காற்று ஓட்டலில் நான் வைத்த ஒப்பாரி

ஆலங்காயம் போகும் சாலையில், மலையடிவாரத்தில் இருந்த அந்த ஓட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. நவாபு காலத்துக் கட்டடம், எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை, ஒரு மாதம் தங்கினால் எப்பேர்ப்பட்ட இருமலும் ஓடிப்போகும் என்று அதன் முதலாளி ஊர் ஊராய்ச் சொல்லி வைத்திருந்தான். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் கணக்கு எழுதியவர். க்ஷயம் முற்றிப்போயிருந்தது. அவன் பேச்சை நம்பி அவரை அங்கே கூட்டிப்போனேன்.

மலை தெரிந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மெத்தையில் முன்னால் படுத்தவனின் வியர்வை மஞ்சளாய்க் காய்ந்திருந்தது. திருப்பிப் போட்டால் அந்தப் பக்கம் ரத்தக்கறை. எச்சில் படிக்கத்தைக் கழுவுவதில்லை, மேலே சாம்பல் தூவி வைத்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தால் காற்று திரும்பி, ஓடையோரத்து ஷாப்புகளிலிருந்து ஊறின தோல் நாற்றத்தைக் கொண்டுவரும். அது எங்களுக்குச் சோறு போட்ட நாற்றம், பழகிவிட்டது. அதை மறைக்க முதலாளி அறைக்கு அறை காட்டிய சாம்பிராணிதான் இருமலைக் கிளப்பியது. ரசத்தில் ஈ கிடக்கிறதே என்றேன். விரலாலேயே எடுத்துப் போட்டுவிட்டு, மிளகு ஜாஸ்தியாகப் போட்டிருக்கிறது, சூட்டோடு சாப்பிடுங்கள் என்றான்.

அங்கே தங்கியவர்கள் எல்லோரும் இருமல்காரர்கள்தான். அறையில் சாவு விழுந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று அவனுக்குப் பயம். ஆள் இன்றோ நாளையோ என்று தெரிந்ததும் மாட்டுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். பக்கத்து அறைக்காரரை அப்படித்தான் ஏற்றி அனுப்பினான். வண்டி வாணியம்பாடி போய்ச் சேருமுன் அவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

எங்கள் முறையும் வந்தது. அப்போது என் வீட்டுக்காரருக்கு ஒரே ஆசைதான் மிச்சம். திருப்பத்தூரில் இருந்த தம்பியை ஒருதரம் பார்க்கவேண்டும். இரண்டு முறை சொல்லியனுப்பியும் கொழுந்தன் வரவில்லை, வேலை இருக்கிறதாம். இந்த நிலையில் வண்டிக் குலுக்கலை அவர் எங்கே தாங்குவார்? காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். முதலாளி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலோடு தூக்கச் சொல்லி இரண்டு ஆட்களைக் கூப்பிட்டான்.

துணிமணி கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கதவைத் தாழ்போட்டேன். தலையை அவிழ்த்துப்போட்டு, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். உள்ளங்கையால் அந்தக் கண்களைப் பொத்திக்கொண்டு அழுதேன். பொய்யாகத்தான் தொடங்கினேன், பிறகு நிறுத்த முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டெல்லாம் பெட்டி இறங்கும் சத்தம். ஓட்டல் காலி. தீட்டுக்குப் பயந்து முதலாளி மாடிக்கே வரவில்லை. பிணத்தை உடனே எடு என்று முற்றத்திலிருந்து கத்தினான். கொள்ளி வைக்கத் தம்பி வரவேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். தன் செலவிலேயே திருப்பத்தூருக்கு ஆளை விரட்டினான்.

சாயங்காலத்துக்குள் கொழுந்தன் கோடித்துணியும் மாலையுமாக வந்துவிட்டான். அண்ணன் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"உசிரோட இருக்கறவருக்கு ஒப்பாரி வைப்பாங்களா அண்ணி? நீங்கல்லாம் பொம்பளையா?"

என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்துட்டேன்னா வரல. செத்தேன்னா வந்துட்ட. அவள இன்னாத்துக்குத் திட்டற? நல்லா அழுதா, முழுசா கேட்டேன். இன்னொரு வாட்டி அழக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

விஷயம் தெரிந்து முதலாளி சண்டைக்கு வருவான் என்று இருந்தேன். அவன் வேறு பிறவி. எங்கள் மலைக்காற்று செத்தவனையே எழுப்பி உட்காரவைத்துவிட்டது என்று சாலையில் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்னான். அதற்காகவே எங்களை அங்கேயே விட்டுவைத்தான். மறுநாளே கீழ் அறைக்குப் புதிதாக ஒரு இருமல்காரர் வந்து சேர்ந்தார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தம்பி மடியில் தலை வைத்தபடி அவர் போய்விட்டார். அவர் சொன்ன சொல்லுக்காக நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சுக்காரி என்று கொழுந்தன் திருப்பத்தூர் முழுக்கச் சொல்லிவைத்தான்.