பவழத் தீவின் சாம்பல்

சீனா தன் முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது 1967 ஜூன் 17, சனிக்கிழமை. கூத்தாநல்லூருக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊருக்குச் செய்தி மறுநாள்தான் வந்தது. கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி, திருச்சியில் இயற்பியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த என் மாமா. அவர் கூடத்தில் பத்திரிகையை விரித்ததும் அத்தை கேட்டாள்:

"நம்ம புது ஆட்சி ரூபாய்க்குப் படி அரிசி போடறதுக்குள்ள சீனாக்காரன் குண்டே போட்டுட்டானா?"

மாமா சிரிக்கவில்லை. எட்டு வயதான என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். 1954 மார்ச் முதல் தேதி அமெரிக்கா பசிபிக் கடலில் வெடிக்கவைத்த குண்டு, பவழத் திட்டில் ஒரு மைல் அகலத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டதாம். தூளான பவழம் காற்றோடு போய், வெகுதொலைவில் இருந்த இன்னொரு தீவில் வெள்ளைச் சாம்பலாக இறங்கியது. பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். பிறகு தோல் வெந்தது, முடி கொத்தாக உதிர்ந்தது. மீன்பிடிக்கப் போன ஜப்பானியப் படகு ஒன்றையும் அது விடவில்லை. அதிலிருந்த ஒருவர் அந்த ஆண்டே இறந்துபோனார்.

"மேல பட்டா என்ன மாமா செய்யணும்?"

"உடனே தலையோட குளிக்கணும். நெறையத் தண்ணி ஊத்தணும்."

இதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாத பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. அந்தச் சமயம் ஊரில் நடவு நின்றுபோயிருந்தது. சேரி ஆட்கள் கூலிநெல்லை உயர்த்தக் கேட்டார்கள். அப்பாவும் மற்ற மிராசுதாரர்களும் வெளியூர் ஆட்களை இறக்குவதென்று கூடிக்கூடிப் பேசினார்கள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் கொல்லைப்பக்கம் போனால் செம்பருத்தி இலையிலும் பசுவின் முதுகிலும் சாம்பல். எனக்குப் பயமே இல்லை. தயாராக இருந்தேன்.

கொல்லைப் படலைத் திறந்துகொண்டு அஞ்சலை வந்தாள். எங்கள் மாட்டுக்கொட்டில் வேலை அவளுடையது. இடுப்பில் குழந்தை. இருவர் தலையிலும் சாம்பல்.

"ஆண்டை இருக்காங்களா பாப்பா? எங்க தெருவே எரிஞ்சு போச்சு. கொஞ்சம் கீத்தும் மூங்கியும் கேக்கணும். ஆண்டை ஒரு வார்த்தை சொன்னா திரும்பக் கட்டவாவது விடுவாங்க."

அது குண்டின் வேலை என்று தெரிவித்தேன்.

"எவன் போட்டான்?"

"சீனாக்காரன்."

"அவன்கிட்டயா நாங்க கூலி கேட்டோம்?"

கிணற்றடிக்கு வரச் சொன்னேன். அவள் தெருக்காரர்கள் அந்தக் கல்லை மிதிப்பதில்லை. ஆனால் அன்று விஞ்ஞானம் என் பக்கம் இருந்தது. குழந்தைக்காகத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். அண்டாவில் இருந்த தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு ஊற்றினேன். கறுப்பாக ஓடியது. குழந்தை சிரித்தது.

"போதும் பாப்பா. அம்மா பாத்தா திட்டுவாங்க."

"திட்டமாட்டாங்க. அப்பாவும் விடியறதுக்கு முன்னாடி இங்கதான் குளிச்சாங்க. அப்பா தலையிலயும் சாம்பல், வேட்டியெல்லாம் கரி. அம்மாதான் தண்ணி எறச்சு ஊத்தினாங்க."

அஞ்சலை முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை.

"தனியாவா வந்தாங்க?"

"இல்ல, கூட ஆளுங்க இருந்தாங்க."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"கீத்து கேக்கணுமே, அப்பாவக் கூப்பிடவா?"

"வேணாம் பாப்பா."

ஈரச்சேலையோடு படலைத் தாண்டி வரப்பில் இறங்கிப் போனாள். இரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டதாக அம்மாவிடம் போய்ச் சொன்னேன். யாரை, எப்படி என்று கேட்ட அம்மா, நான் பேசியதையெல்லாம் கேட்டு முடித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அஞ்சலை சாணம் அள்ள வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இன்னும் நாலு செம்பு சேர்த்து ஊற்றியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.