பை திறந்த பக்கம்

அந்த விலங்கின் வயிறு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூங்கில் சிம்புகளை வளைத்துக் கட்டி, மேலே காகிதக் கூழும் புளியங்கொட்டைப் பசையும் அப்பிச் செய்த, கன்றுக்குட்டி அளவு வயிறு. வகுப்பறை வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால், முதலில் என்மேல்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஓர் உறைவிடப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. கீழேயிருந்து போனவள், இருபத்தைந்து வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அங்கே அதே மலையின் நெல்லிவாசல்நாட்டுக்காரர் ஒருவர் கைத்தொழில் வாத்தியாராக இருந்தார். சாமை விதைக்கிற குடும்பம். தற்காலிக வேலை, ஒவ்வொரு வருடமும் தலைமையாசிரியர் எழுதிக்கொடுத்தால்தான் நீடிக்கும். திருப்பத்தூர் அறிவியல் கண்காட்சியில் ஆசிரியர்கள் செய்யும் மாதிரிகளுக்கென்று தனிப் பரிசு உண்டு. அதை வாங்கினால் நிரந்தரம் செய்யச் சொல்லி மேலே எழுதுகிறேன் என்று தலைமையாசிரியர் அந்த வருடம் வாக்குக் கொடுத்திருந்தார். வாத்தியார் இரண்டு மாதம் அந்த வயிற்றோடுதான் குடித்தனம் நடத்தினார்.

விலங்கைத் தேர்ந்தெடுத்தது நான். டைப்ரோடோடான். ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவில் காண்டாமிருகம் அளவுக்கு வளர்ந்து, குட்டியை வயிற்றுப் பையில் சுமந்த பிராணி. இன்று அதன் எலும்புகள் மட்டும்தான் கிடைக்கின்றன. என்னிடமிருந்த புத்தகத்தில் அதைப் பற்றி நான்கே வரிகள், பக்கத்தில் ஒரு கங்காரு படம். வளை தோண்டி வாழும் வாம்பட் என்ற சின்ன விலங்கு இதற்கு நெருங்கிய உறவு என்றது கடைசி வரி.

அந்த வரியை வாத்தியாருக்குப் படித்துக்காட்டிய மறுநாள் போய்ப் பார்த்தால், பையின் வாயைப் பின்னங்கால் பக்கம் வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைகீழாக வைத்திருக்கிறீர்களே என்றேன்.

"தோண்டுற ஜந்து முன்னங்கால்ல மண்ணைப் பறிச்சுப் பின்னால தள்ளும் டீச்சர். பை முன்னால தொறந்திருந்தா குட்டி மேல இல்ல மண்ணு ரொம்பும்? இதுவும் அந்த வகைதானே?"

முள்ளம்பன்றி வளை பறிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் சொல்கிறார். நான் கங்காரு படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "புஸ்தகத்துல இன்னா போட்டிருக்குன்னு பாருங்க சார்." அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "சரிங்க டீச்சர்" என்றார். காய்ந்த வயிற்றை அறுத்து, பையை முன்பக்கம் திருப்பி ஒட்ட ஒரு வாரம் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கக் கூடாதா அந்த மனுஷன்!

கண்காட்சியில் நடுவராக வந்த விலங்கியல் பேராசிரியர் எங்கள் விலங்கை இரண்டு முறை சுற்றிவந்தார். வேலைப்பாட்டை வாய்விட்டுப் புகழ்ந்தார். பிறகு குனிந்து பையைத் தொட்டார்.

"பை எலும்பு மாதிரி மண்ணுல தங்காது. உறவு விலங்கைப் பார்த்துத்தான் ஊகிக்கணும். வாம்பட்டுக்கு மண் விழாம இருக்கப் பை பின்பக்கமா திறக்கும். இதுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். யார் இதை இப்படி வச்சது?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. நான் பேசுவேன் என்று காத்திருந்தார். எனக்குப் பின்னால் தலைமையாசிரியர் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தாங்க" என்றார் வாத்தியார்.

பரிசு வேறு பள்ளிக்குப் போயிற்று. மலையேறும் பஸ்ஸில் தலைமையாசிரியர் எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். "நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க டீச்சர். அந்தாளு காதுல வாங்கல." ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஜமுனாமரத்தூரே வந்துவிட்டது.

இப்போது பேத்தியின் போனில் தட்டினால், வாம்பட் குட்டி தாயின் பின்னங்கால்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்கிறது. அன்று எனக்கு வாய்த்தது நான்கு வரிப் புத்தகம் என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். எடுபடவில்லை. புத்தகம்தானா என் வாயைக் கட்டிப்போட்டது?

அந்தக் கண்காட்சிக்குப் பிறகு ஜூனில் பள்ளி திறந்தபோது கைத்தொழில் வாத்தியார் வேலைக்குக் கீழேயிருந்து புதிதாக ஒருவர் வந்திருந்தார். வகுப்பறைகளைக் காட்ட நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். முன்பு இருந்தவர் ஏன் போய்விட்டார் என்று நடந்துகொண்டே கேட்டார்.

"தெரியலீங்க சார்" என்றேன்.