எட்வின் போட்ட வளையம்

எட்வினை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது என்று சொன்னால் அது பொய். முதல் எட்டு மாதம் அவர் என் கண்ணிலேயே படவில்லை. ஃபைல் தூக்குவார், ஜெராக்ஸ் எடுப்பார், பதினோரு மணிக்கு ஃபிளாஸ்கில் இரானி சாயா வாங்கி வருவார். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இருந்தாலும் நான் வெறும் ‘எட்வின்’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

2009-ஆம் வருஷம். கச்சிபௌலி தாண்டி ஓர் ஆராய்ச்சிக் கூடம், அதில் பேராசிரியர் ராமசுவாமியின் அறை. என்னோடு திருநெல்வேலியில் எம்.எஸ்சி. படித்தவர்கள் அதே சாலையில் கண்ணாடிக் கட்டிடங்களில் வேலை பார்த்தார்கள், கம்பெனி காரில் ஏசி போட்டுக்கொண்டு போனார்கள். நான் ஷேர் ஆட்டோவில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வானத்தைப் படிக்கப் போனேன். தங்கப் பதக்கம் வாங்கியவள். ஊரில் அம்மா போனை எடுத்தாலே, “ஏட்டி தாரிணி, உன் பேரு எப்பட்டி வரும்? சித்தி கேட்டுக்கிட்டே இருக்கா” என்பாள்.

பேர் என்றால் ஆராய்ச்சிக் கட்டுரையில் வரப்போகும் பேர். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்கள் இணையத்திலேயே கிடைக்கும். அவற்றில் உள்ள தூரத்து கேலக்ஸிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு பிரகாசம் என்று அளப்பது எங்கள் வேலை. பெரும்பாலானவற்றை, எங்களோடு ஆராய்ச்சி செய்த முகமது யூசுப் எழுதிய ப்ரோக்ராம் அளந்துவிடும். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெரிசலில் கிடக்கும் அறுநூறு கேலக்ஸிகளைக் கையால்தான் அளக்க வேண்டும். கேலக்ஸியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவோம். அதற்கு வெளியே ஒரு வளையம். வளையத்துக்குள் விழும் மங்கலான வெளிச்சம் வெறும் வானத்துடையது என்று எடுத்துக்கொண்டு அதைக் கழித்தால், மிச்சம் கேலக்ஸியின் பிரகாசம். ஒவ்வொன்றையும் இரண்டு பேர், ஒருவர் அளவை ஒருவர் பார்க்காமல் அளக்க வேண்டும். “கையால அளக்கறவங்க பேரும் கட்டுரையில வரும்” என்று சார் முதலிலேயே சொல்லிவிட்டார்.

என்னோடு அளந்த பெண்ணுக்கு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்தது. வேறு ஆள் வரும்வரை சும்மா ஒப்புக்கு எட்வினை உட்கார வைத்தார் சார்.

எட்வின் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவர். அவர் அப்பா அரக்கோணத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். எட்வின் பி.எஸ்சி.யில் இரண்டு தடவை ஃபெயில். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பஜாரில் உருது. எங்களிடம் பேசும்போது மூன்றும் சேர்ந்து வரும். நான்கு நிமிடத்தில் நான் முடிக்கும் கேலக்ஸிக்கு இவர் இருபது நிமிடம் எடுப்பார். படத்தின் வெளிச்சத்தை ஏற்றுவார், திரை முழுக்க வெளுத்துப்போகும்வரை ஏற்றுவார், பிறகு இறக்குவார். தலைகீழாகத் திருப்புவார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்ப்பார்.

“கொஞ்சம் சீக்கிரம் பண்ணக் கூடாதா எட்வின்?” என்றேன் ஒரு நாள்.

“நக்கோ, வேணாம் மேடம். அவசரப்பட்டா கண்ணு பொய் சொல்லும்.”

கண் பொய் சொல்லுமாம். பி.எஸ்சி. ஃபெயில் எனக்குச் சொல்கிறது.

இரண்டு மாதம் கழித்து, முன்பு அளந்த ஐம்பது கேலக்ஸிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் இருவருக்கும் மறுபடி அனுப்பினார் சார். எட்வினின் பழைய அளவும் புது அளவும் அச்சு அசலாக ஒன்று. என்னுடையது அங்கங்கே ஆடியது. “பாத்தியா தாரிணி, எட்வின் கை ஆடவே இல்ல” என்றார் சார், எல்லார் முன்னாலும். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். வேறு நல்ல பெயர் அதற்குக் கிடையாது. அவர் டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம்கூட எனக்கு ஆகாமல் போனது.

புது ஆள் எடுக்கும் பேச்சே நின்றுவிட்டது. இரண்டு பேர் அளவுகளையும் யூசுப் சேர்த்துப் பார்த்தபோது நாற்பத்து மூன்று கேலக்ஸிகள் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றிலும் எட்வினின் அளவு பிரகாசம் கூடுதல், என்னுடையது குறைவு. மாட்டினார் என்று நினைத்தேன். நேரே சாரிடம் போய், “எட்வின் வட்டத்தைப் பெரிசா போடறார் சார். பக்கத்து கேலக்ஸி வெளிச்சத்தையும் சேத்துக்கறார்” என்று வத்தி வைத்தேன். சொல்லும்போது எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா.

சார் கோபப்படவில்லை. யூசுப்பைக் கூப்பிட்டு, பிரகாசம் இவ்வளவு என்று தெரிந்த முப்பது பொய் கேலக்ஸிகளைப் படங்களுக்குள் ஒளித்து வைக்கச் சொன்னார். எது நிஜம், எது பொய் என்று தெரியாமல் நாங்கள் இருவரும் அளந்தோம். முதல் முறையாக நான் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் எடுத்தேன்.

எட்வினின் முப்பதும் சரி. என்னுடையதில் பதினொன்று தப்பு, எல்லாமே குறைவு.

யூசுப் என் திரையில் ஒரு படத்தைத் திறந்து வெளிச்சத்தை ஏற்றினான். நான் போட்ட வளையத்துக்குள், நான் வெறும் வானம் என்று நம்பிய இடத்தில், மங்கலாக இன்னொரு கேலக்ஸி இருந்தது. “பக்கத்து வீட்டு வெளிச்சத்தையும் சேத்து நீங்களே கழிச்சிட்டீங்க தாரிணி. அதான் உங்களுது எப்பவும் கம்மியா வருது” என்றான். அவன் படத்தைப் பற்றித்தான் சொன்னான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

எட்வின் வளையத்தைக் கேலக்ஸியைச் சுற்றியே போடுவதில்லை. தேடித் தேடி, உண்மையிலேயே ஒன்றும் இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலைக்குப் பன்னிரண்டு வருஷம் கான்ட்ராக்டில் போய்வந்தாராம். வெல்டிங் போட்ட இடங்களை எக்ஸ்ரே எடுத்து, அந்தச் சாம்பல் நிற ஃபிலிமில் விரிசல் எது, ஃபிலிமின் அழுக்கு எது என்று பார்க்கிற வேலை.

“விட்டுட்டோம்னா பாய்லர் வெடிச்சிடும் மேடம். பயத்துலயே கண்ணு பழகிடுச்சு.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“காய்கு, எதுக்கு மேடம்? யாரும் கேக்கலயே.”

நாற்பத்து மூன்றையும் நான் மறுபடி அளந்தேன், அவர் வைத்த மாதிரியே வளையத்தை வைத்து. இந்த முறை இரண்டு அளவும் ஒத்துப்போயின. பட்டியல் முடிந்தது.

கட்டுரையை அனுப்புகிற அன்று சாருக்கு டெல்லி விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையை மூடிக்கொண்டே, “எட்வின் பேருக்குப் பக்கத்துல என்ன பதவி போடறது தாரிணி?” என்று கேட்டார்.

அந்த ஒரு நொடியில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ‘ஆய்வு உதவியாளர்’ என்று சொல்லியிருந்தால் போதும், அவர் தலையாட்டியிருப்பார். அம்மா சித்தியிடம் நீட்டப்போகும் பக்கத்தில் என் பேருக்கு அருகே சாயா வாங்கி வருகிறவர் பேர் இருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

“அவர் கான்ட்ராக்ட் ஆள்தானே சார். பதவின்னு ஒண்ணும் கிடையாது. கடைசியில நன்றி சொல்ற இடத்துல போட்டுடலாம்.”

“ம். சரி, அப்படியே பண்ணிடு” என்று கிளம்பிவிட்டார்.

ஆறு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. மேலே மூன்று பேர். நடுவில் நான். அம்மாவுக்கு அனுப்பினேன், தெருவையே கூட்டினாளாம். நான் அதை இரண்டாம் தடவை திறக்கவில்லை.

மறுவாரம் எட்வின் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி உஸ்மானியா பிஸ்கட், அக்குளில் லேமினேட் செய்த ஒரு தாள். கட்டுரையின் கடைசிப் பக்கம். பொடி எழுத்தில் இருந்த நன்றி வரியில் அவர் பேர்மேல் மஞ்சள் மை பூசியிருந்தது.

“வீட்டு ஹால்ல மாட்டப்போறோம் மேடம். ஷோபாவுக்கு அழுகையே வந்துடுச்சு” என்றார். ஷோபா அவர் மனைவி. “உங்க பேரெல்லாம் மேல இருக்கு, என்னுது மட்டும் ஏன் கடைசியிலன்னு அவ கேட்டா. என் பொண்ணுதான் சொன்னா, சினிமாவுல டைரக்டர் பேரு கடைசியிலதான் வரும், பெரிய ஆளுக்குத்தான் அந்த இடம்னு.”

பிஸ்கட் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“இங்கயும் அப்படித்தானே மேடம்?”

இருபது நிமிடம் படத்தைப் பார்ப்பாரே, அதே பார்வையை என் முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். “ஆமாம் எட்வின் சார்” என்றேன்.